நான் சேர்த்த ஒரே குடும்பம்

மூன்று வருஷம் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டினேன். புதன், சனி இரண்டு நாளும் காலையில். மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் எனக்கு மதிய ஷிப்ட், அதனால் காலை நேரம் என் கையில் இருந்தது. அந்த மூன்று வருஷத்தில் என் பேச்சைக் கேட்டுச் சபைக்கு வந்தது ஒரே ஒரு குடும்பம். அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதை என் வீட்டுக்காரரிடமும் எங்கள் பாஸ்டர் ஐயாவிடமும் மட்டும்தான் நானாகச் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு பேரிடமும்கூட முழுசாகச் சொல்லவில்லை.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் ரோட்டில் இறங்கி உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் எங்கள் இடம். ஊர்த்தெரு முதலில் வரும், அதைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டி எங்கள் காலனி. சபையும் காலனியில்தான், தகர ஷீட் போட்ட ஒரு கூடம். நான் பிறக்கும்போதே கிறிஸ்தவக் குடும்பம். யாரும் கதவு தட்டி என்னை அழைத்து வரவில்லை.

என் வீட்டுக்காரர் பெயிண்டர். கேளம்பாக்கத்தில் பதினைந்து மாடிக் கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிப்பார். ஒரு நாள் செருப்புக்குள் கால் நுழையவில்லை என்று வந்து நின்றார். வீங்கியிருந்தது. இரண்டு மாதம் மாத்திரை வாங்கிப் போட்டோம். பிறகு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தக்கொதிப்பு இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது என்றார்கள். என் கிட்னியைத் தருகிறேன் என்றேன். பொருந்தவில்லை. வேறு கொடுக்க ஆளில்லை. மாற்றுக் கிட்னிக்குப் பதிவு பண்ணி வைத்துவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸுக்கு அழைத்துப் போக ஆரம்பித்தேன்.

டயாலிசிஸ் என்றால் மிஷினில் நாலு மணி நேரம் படுப்பது மட்டும்தான் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். வீட்டில் நடப்பதுதான் கொடுமை. சிறுநீர் போகாது, அதனால் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர், அதில் காபியும் அடக்கம். சித்திரை வெயிலில் அந்த மனுஷன் குடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நான் ஐஸ்கட்டி ஒன்றை எடுத்து வாயில் போடுவேன். "இன்னொண்ணு குடுமே" என்பார். நான் மாட்டேன் என்பேன். கட்டிய புருஷனுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லிச் சொல்லியே என் குரல் மாறிப்போய்விட்டது.

அந்த நாட்களில் ஓர் உபவாச ஜெபத்தில் பாஸ்டர் ஐயா பேசும்போது, ஆண்டவருடைய வேலையைச் செய்கிறவர்களின் வீட்டை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றார். பொதுவாக எல்லாரிடமும்தான் சொன்னார். நான்தான் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டேன். ஒரு ஆத்துமாவைச் சபைக்குக் கொண்டுவருகிறேன், இவரை எனக்கு விட்டுவிடு. இப்படித்தான் ஜெபித்தேன், கூச்சமே இல்லாமல்.

என்னோடு கூட வந்தவள் சபையில் ஒரு அக்கா. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரண்டு பேரும் பையில் இயேசுவைப் பற்றி அச்சடித்த கைப்பிரதிகளை அடுக்கிக்கொண்டு கிளம்புவோம். கேளம்பாக்கம் அடுக்குமாடிகளில் வாட்ச்மேன் நோட்டுப் புத்தகத்தை நீட்டி எந்த வீடு என்று கேட்பார். எல்லா வீடும் என்று சொல்ல முடியுமா? திரும்பிவிடுவோம். அணுபுரம் குவார்ட்டர்ஸில் ஒரு அம்மாள் உட்காரவைத்து மோர் கொடுத்தார், பொறுமையாகக் கேட்டார், கைப்பிரதியை இரண்டு கையாலும் வாங்கி செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தார். அந்த மோருக்காகவே ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தோம். கடற்கரைக் குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "உங்களுக்கு இதுக்கு எவ்ளோ டப்பு குடுக்கிறாங்க?" என்று கேட்டார். திட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னதும் நம்பாமல் சிரித்தார். ஒரு ஊரில் நாலு பேர் வழிமறித்து, பையைப் பிடுங்கிக் கொட்டி, நாங்கள் பொறுக்குவதைப் போனில் படம் பிடித்தார்கள். அக்கா கடைசித் தாள் வரைக்கும் குனிந்து பொறுக்கினாள்.

ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்து, சபையில் இருப்பவர்களிடம் ஒவ்வொருவராக நீ எப்படி வந்தாய் என்று விசாரித்தேன். பாதிப் பேர் என்னைப் போலப் பிறந்தவர்கள். சிலர் கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஒருவன் குடித்துவிட்டு விழுந்து கிடந்தபோது எங்கள் பாஸ்டர் ஐயா வீட்டில் இரண்டு மாதம் வைத்திருந்து சோறு போட்டதால் வந்தவன். வாசலில் நின்று பேசியதைக் கேட்டு வந்தேன் என்று ஒரு ஆள் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னேன். "நீ எதுக்கு எண்ணிக்கினு கீற? போறதுதான் நம்ம வேல," என்றாள். அவளுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. எனக்கு ஒன்று தேவைப்பட்டது, சீக்கிரம் தேவைப்பட்டது. இவருடைய உடம்பு மாதாமாதம் கரைந்துகொண்டிருந்தது.

அக்காவுக்குக் காய்ச்சல் என்று நான் தனியாகப் போன ஒரு புதன்கிழமை அது. தூரப் போக மனசில்லாமல் எங்கள் ஊர்த்தெருவிலேயே நுழைந்தேன். அந்தத் தெருவில் நாங்கள் கதவு தட்டினதில்லை. காலனி ஆட்கள் வந்து அங்கே சாமியைப் பற்றிப் பேசுவது நடக்கிற காரியமில்லை. அப்படியும் தட்டினேன் என்றால் எனக்கு எவ்வளவு முடியாமல் போயிருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

கடைசி வீட்டு வாசலில் சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று டயர் இறங்கி, தூசி படிந்து நின்றது. என்னைவிட நாலைந்து வயது சின்னவள் கதவைத் திறந்தாள்.

"இன்னாம்மா?"

நான் வழக்கமாகச் சொல்வதை ஆரம்பித்தேன்.

"எங்களுக்கு அதெல்லாம் வேணாம்மா," என்று கதவைச் சாத்தப் போனாள்.

அவளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கையில், முழங்கைக்குக் கீழே, நரம்பு கயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் ஊசி போட நரம்பை வெட்டி ஒட்டிய கை. அந்தக் கையை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுபிடிப்பேன்.

"டயாலிசிஸா?" என்றேன்.

கதவு நின்றது. "உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"எங்க வூட்டுக்காரருக்கும் அதான்."

"உள்ள வாங்கக்கா," என்றாள். அக்கா என்றாள். ஊர்த்தெருவில் ஒரு வீட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரம் பேசினோம். கீரையை எப்படி ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டுவது, உப்பில்லாமல் குழம்பை எப்படி இறக்குவது, ஐஸ்கட்டியை எப்படி எண்ணிக் கொடுப்பது. அவள் அழுதாள். அவள் புருஷன் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதே செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் திங்களும் வியாழனும் அவர்களுக்கு முறை என்றாள். எங்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்பதை நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை. பின்னால் நிறைய யோசித்தேன்.

எழுந்து கிளம்பும்போதுதான் பையில் கைப்பிரதி இருப்பது ஞாபகம் வந்தது. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஜெபம் பண்ணா இதெல்லாம் மெய்யாலுமே சரியாவுதாக்கா? உங்க வூட்டுக்காரருக்கு எப்டி கீது?"

மூன்று வருஷத்தில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் கதவைச் சாத்தினார்கள், இல்லை சிரித்தார்கள். இவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரியாயிடுச்சு," என்றேன். "மூணு மாசமா நாங்க ஆஸ்பத்திரிக்கே போறதில்ல."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இனி நடக்கப் போவதைத்தான் முன்கூட்டிச் சொன்னேன், விசுவாசம் என்றால் அதுதானே என்று. வீட்டில் இவர் நாக்கை உதட்டில் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஐஸ்கட்டி எடுக்கப் போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் சபைக்கு வந்தாள். அதற்கு அடுத்த ஞாயிறு புருஷனையும் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். ஊர்த்தெருவிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் தகரக் கூடத்தில் வந்து உட்கார்ந்தது. எங்கள் சபை வரலாற்றிலேயே நடக்காத காரியம் அது. பாஸ்டர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். இவர் முடியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்துவிடுவார். நான் பாஸ்டர் ஐயாவிடம் முன்னமே ஒரு காரியம் சொல்லி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் கூச்சப்படுகிறார், அவர் வியாதிக்காகச் சத்தமாக ஜெபிக்க வேண்டாம் என்று. அதுவும் பொய். ஒன்று சொன்னால் அதைக் காப்பாற்ற இன்னொன்று தேவைப்பட்டது. ஆனாலும் அந்த இரண்டு வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க மாட்டேன். என் பங்கை முடித்துவிட்டேன், இனி ஆண்டவர் பங்கு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு அவள் மட்டும் வந்தாள். ஆராதனை முடிந்து வெளியே செருப்பு தேடும்போது என் காதருகில் வந்தாள். "வியாழக்கெழம போவலக்கா. உங்கள மாரியே வுட்டுட்டோம். ஜெபம் மட்டும் பண்ணிக்கினு கீறோம். கொஞ்சம் மூச்சு வாங்குது, மத்தபடி நல்லாத்தான் கீறாரு."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் சுற்றி நின்றார்கள். பாஸ்டர் ஐயா எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ஜெபத்துல இரு," என்றேன். இதுதான் என் வாயில் வந்தது.

திங்கட்கிழமை முழுக்க, மூச்சு வாங்கினால் அவர்களே பயந்து போய்விடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே ஓட்டலில் போர்வைகளை மடித்தேன். ஒரு போர்வைகூட ஒழுங்காக மடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை இவரை மிஷினில் போட்டார்கள். ஊசி குத்தும் டெக்னீஷியன் பெண் பக்கத்துக் கட்டிலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "அந்தக் குட்டியானைக்காரரு வியாழனும் வரல, நேத்தும் வரல. போன் பண்ணாலும் எடுக்கல," என்றாள்.

"வரலன்னா இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"எட்டு நாளாச்சுக்கா. நுரையீரல்ல தண்ணி ஏறிடும். படுக்கவே முடியாது. அப்பவும் இட்னு வரலன்னா அவ்ளோதான்."

இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாமே? மூஞ்சி ஏன் இப்டிப் போவுது?"

அங்கேயே, மிஷின் ஓடிக்கொண்டிருக்க, குனிந்து அவர் காதில் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை, முக்கியமானதை.

"என்னிய வெச்சா பொய் சொன்ன?" என்றார்.

நான் அவர் போர்வையை இழுத்துவிட்டேன்.

"போ. இன்னும் மூணு மணி நேரம் நான் எங்க ஓடப் போறேன்? போமே!"

திருக்கழுக்குன்றம் பஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷத்தில் என்னென்னவோ வேண்டினேன். எதைக் கொடுத்து வேண்டுவது என்று தெரியவில்லை, கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. மலையடிவாரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, ரோட்டில் இறங்கி, ஊர்த்தெரு வரைக்கும் ஓடினேன்.

கதவு திறந்தே இருந்தது. அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கிக் கண் இடுங்கிவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சில் களகளவென்று சத்தம் கேட்டது. அவள் தரையில் முழங்காலில் நின்றாள். நாங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே கைகளை விரித்து ஜெபித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களாக்கா! தலைல கைய வெச்சு ஜெபம் பண்ணுங்கக்கா."

"ஆஸ்பத்திரிக்கு இட்னு போ," என்றேன். "நான் சொன்னது பொய்."

அவளுக்குப் புரியவில்லை. "எது?"

"எங்க வூட்டுக்காரரு இப்பகூட மிஷின்லதான் படுத்துனு கீறாரு. அங்கேர்ந்துதான் வரேன். அவருக்கு ஒண்ணும் சரியாவல. பொய் சொன்னேன். எழுந்திரு, வண்டி புடி."

இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் பின்கட்டிலிருந்து அவளுடைய கொழுந்தன் வந்துவிட்டான். அவனுக்கு உடனே புரிந்தது. "காலனிலேர்ந்து வந்து எங்க குடியக் கெடுக்கிறியா?" என்று கையை ஓங்கினான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் இருந்தவர் கையைத் தூக்கி, "வண்டிய எட்றா... மொதல்ல வண்டி..." என்றார். அதற்குமேல் மூச்சு வரவில்லை. பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிப் போட்டார்கள். நானும் ஏறப் போனேன். கொழுந்தன் கதவைச் சாத்தினான். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். நான் யார் என்று தெரியாத மாதிரி பார்த்தாள்.

திரும்பவும் நடந்து, ஆட்டோ, பஸ். நான் போய்ச் சேர்ந்தபோது இவருக்கு முடிந்து, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். "அந்த ஆள உள்ள இட்னு போய்ட்டாங்க. உசுரு கீது," என்றார். பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த மனுஷன் பிழைத்துக்கொண்டார். தொடர்ந்து மூன்று நாள் மிஷினில் போட்டு நீரை எடுத்தார்களாம்.

பாஸ்டர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அவ்ளோ பாரத்தோட கீறன்னு எனக்குத் தெரியாமப் போச்சேம்மா," என்றார். மறுநாள் மன்னிப்புக் கேட்க அவரே அந்த வீட்டுக்குக் கிளம்பினார். தெரு முனையிலேயே நிறுத்திவிட்டார்கள். அரை மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். சபையில் சிலருக்கு என்மேல் கோபம். பொய் சொன்னதற்காக இல்லை, வந்த குடும்பம் போய்விட்டதே என்று. கதவு தட்டும் ஊழியம் ஆறு மாதம் நின்றது. பிறகு அக்கா வேறொருத்தியோடு போக ஆரம்பித்தாள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவள் புருஷனுடைய முறையைச் செவ்வாய், வெள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் வாரத்துக்கு இரண்டு நாள் அவளும் நானும் ஒரே பெஞ்சில். அவள் அந்த ஓரம், நான் இந்த ஓரம். இரண்டு மாதம் ஒரு வார்த்தை இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை கரண்ட் போய் மிஷின் நின்று, எல்லாரும் பயந்து எழுந்தபோது இருவரும் ஒன்றாக உள்ளே ஓடினோம். ஜெனரேட்டர் வந்ததும் வெளியே வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டோம். எழுந்து தள்ளி உட்கார அவளுக்கும் தோன்றவில்லை.

"என்ன மன்னிச்சிடு," என்றேன்.

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் நம்பின? வாசல்ல வந்து நிக்கிற யாரோ ஒருத்தி சொன்னா நம்பிடுவியா?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன சாமிய நம்பி நான் வரலக்கா," என்றாள். "இவருக்கு முடியாமப் போய் ஒண்ணர வருசம். பின்கட்டுல கீற இவரு தம்பியத் தவிர சொந்தக்காரங்க ஒருத்தரும் வாசப்படி ஏறல. எதனா கேட்டுருவோமோன்னு பயம். நீங்க வந்து ஒரு மணி நேரம் குந்திகினு கொழம்பு வெக்கிறதப் பத்திப் பேசுனீங்க. அதுக்கப்புறம் நீங்க இன்னா சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூன்று வருஷம் நான் சுமந்துகொண்டு போன கைப்பிரதிகளும் மனப்பாடம் பண்ணிய வார்த்தைகளும் யாரையும் ஓரடி நகர்த்தவில்லை. அந்த ஒரு மணி நேரம் நகர்த்தியது. அந்த நேரத்தில் நான் ஊழியம் செய்வதாகவே நினைக்கவில்லை. அப்படி நகர்ந்து வந்தவளைத்தான் நான் குழியில் தள்ளப் பார்த்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் இவர் போய்விட்டார். மிஷினில் இருக்கும்போதே, தூங்குகிற மாதிரி. காலனிக்குள் கால் வைக்காதவர்கள் இருக்கிற ஊரில், அவள் குடையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணும்போது வெளியே போய் நின்றாள். முடிந்ததும் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எடுக்கும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அவள் புருஷன் இன்னும் இருக்கிறார். என் பொய்யால் சாக இருந்தவர் இருக்கிறார், இவர் இல்லை. அன்று அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஏன் இப்படி என்று நினைத்தேன். நினைத்ததற்காக இன்னும் கூசுகிறது.

இப்போதும் சபைக்குப் போகிறேன். எனக்காக எதையும் கேட்டு ஜெபிக்க வாய் வருவதில்லை. கேட்க ஆரம்பித்தால் மறுபடி பேரம் பேசுவேனோ என்று பயம். சில செவ்வாய்க்கிழமைகளில் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறிவிடுகிறேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. அவள் பையை நகர்த்தி இடம் விடுவாள். நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் காலை, "நாஸ்தா துன்னீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். டப்பாவைத் திறந்து இரண்டு இட்லியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினாள்.